என்இசட்பி ஃபைல் ஏத்துறது எப்படி: யூஸ்நெட் பதிவு முதல் சரியான லேபிள் வரை

[திரையில்: டெக்ஸ்ட் எடிட்டர். ஒரு என்இசட்பி ஃபைல் திறந்திருக்கு.]

இந்த ஃபைலோட சைஸ் 100 கேபி-யைச் சுத்தி இருக்கும். இதை டவுன்லோடர்ல போட்டா இறங்கப்போறது 700 எம்பி-ல ஒரு ஓப்பன் சோர்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட இன்ஸ்டால் இமேஜ். அந்த 700 எம்பி-ல ஒரு பைட்கூட இதுக்குள்ள இல்ல. யூஸ்நெட்ங்கிற பழைய செய்திப் பகிர்வு வலையமைப்போட சர்வர்ல எந்தத் துண்டு எந்த மெசேஜ் ஐடி-ல (ஒவ்வொரு பதிவுக்கும் இருக்கிற தனி அடையாளம்) கிடக்குதுங்கிற விலாசப் பட்டியல் மட்டும்தான் இருக்கு. பகிர்வுத் தளத்துல நீங்க ஏத்துறது இந்தப் பட்டியலைத்தான். ஃபைல் ஏத்தும்போது பெரும்பாலான தளங்கள் எக்ஸ்எம்எல் (இந்த ஃபைலை எழுதியிருக்கிற குறியீட்டு வடிவம்) ஒழுங்கா இருக்கான்னு பாக்கும், அதோட சரி. விலாசத்துல சரக்கு இருக்கா, மேல ஒட்டின பேரும் உள்ள இருக்கிறதும் ஒண்ணான்னு பாக்கவேண்டியது ஏத்துறவங்க பொறுப்பு.

முதல்ல உரிமை. சொந்தப் படைப்பு, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், கிரியேட்டிவ் காமன்ஸ்ல பகிர அனுமதி இருக்கிறது, பதிப்புரிமைக் காலம் முடிஞ்சது, இதுக்குள்ளயே இருங்க. மத்தவங்க படைப்பை ஏத்துனா சட்டச் சிக்கல் ஒரு பக்கம். புகார் வந்ததும் சர்வர்க்காரங்க அந்த ஆர்ட்டிகிள்களை, அதாவது சர்வர்ல இருக்கிற துண்டுகளை, எடுத்துடுவாங்க, அப்புறம் உங்க என்இசட்பி-யால யாருக்கும் பிரயோஜனம் இல்ல.

[திரையில்: ஒரு ஃபைல் 1024 துண்டாப் பிரியுற படம்.]

யூஸ்நெட் 1979-ல டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ்னு டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் ரெண்டு பேர் யோசிச்ச விஷயம். எழுத்துச் செய்திக்காகவே கட்டினது. அதனால பைனரி ஃபைலை அனுப்பணும்னா எழுத்து மாதிரி மாத்தி, சின்னச் சின்ன ஆர்ட்டிகிளா வெட்டித்தான் அனுப்பணும். பழைய யூயூஎன்கோட் முறைல 3 பைட் 4 எழுத்தாகும், மூணுல ஒரு பங்கு வீண் சுமை. 2001-ல வந்த வைஎன்க் ஒவ்வொரு பைட்டோடவும் 42-ஐக் கூட்டி கிட்டத்தட்ட அப்படியே அனுப்பிடும், குழப்பம் பண்ற நாலு எழுத்துக்கு மட்டும் முன்னாடி ஒரு அடையாளம் போடும். வரி முடிவையும் சேத்தா சுமை 3 சதவீதம் வரும். இந்த 3 சதவீதத்தை ஞாபகத்துல வெச்சுக்கோங்க, தளத்துல சைஸ் காட்டும்போது கேள்வி வரும்.

ந்யூ, என்ஜிபோஸ்ட் மாதிரி போஸ்டிங் டூல்கள் ஒரு ஆர்ட்டிகிளுக்கு 716800 பைட், அதாவது 700 கேபி எடுத்துக்கும். நம்ம 700 எம்பி ஃபைல் சரியா 1024 ஆர்ட்டிகிள் ஆகுது.

போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி பார்2. நிறையப் பேர் தப்பு பண்றது இங்கதான், அதனால நிதானமாப் பாக்கலாம். 1024 ஆர்ட்டிகிள்ல ஒண்ணு தொலைஞ்சாலும் ஃபைல் பாழ். அதை மறுபடி உருவாக்கத்தான் பார்2 ஃபைல்கள். 10 சதவீதம் வெச்சா போதும்னு எல்லாரும் சொல்வாங்க, சரிதான். ஆனா எத்தனை சதவீதம்ங்கிறதோட, பார்2 உங்க ஃபைலை எவ்வளவு பெரிய ஸ்லைஸா (துண்டா) பிரிச்சுக் கணக்கு வைக்குதுங்கிறதும் முக்கியம்.

[திரையில்: ரெண்டு கட்டம். இடது பக்கம் 5 எம்பி ஸ்லைஸ், வலது பக்கம் 700 கேபி ஸ்லைஸ்.]

ஸ்லைஸ் 5 எம்பி-னு வெச்சா, 700 எம்பி-க்கு 140 ஸ்லைஸ். 10 சதவீதம்னா மீட்க 14 பிளாக், ஒரு பிளாக் கெட்டுப்போன ஒரு ஸ்லைஸைத் திருப்பித் தரும். ஒரு ஆர்ட்டிகிள் தொலைஞ்சா, அது விழுந்த 5 எம்பி ஸ்லைஸ் முழுசும் கெட்டதாத்தான் கணக்கு. ஆக 15 வேற வேற இடத்துல ஒவ்வொரு ஆர்ட்டிகிள் போனா, மொத்த இழப்பு 10 எம்பி-தான், ஆனா ரிப்பேர் பண்ண முடியாது. அதையே ஸ்லைஸ் சைஸையும் 716800-னு, ஆர்ட்டிகிள் சைஸுக்குச் சமமா வைங்க. இப்ப 1024 ஸ்லைஸ், மீட்க 102 பிளாக். ஒரு ஆர்ட்டிகிள் போனா ஒரு ஸ்லைஸ்தான் போகும். 102 ஆர்ட்டிகிள் எங்கெங்க சிதறித் தொலைஞ்சாலும் தாங்கும். ரெண்டுலயும் பார்2 ஃபைல்களோட மொத்த அளவு அதே 70 எம்பி-தான். ஸ்லைஸ் சைஸ் 4-ஆல வகுபடணும், மொத்த ஸ்லைஸ் 32768-ஐத் தாண்டக்கூடாது. பெரிய ஃபைல்னா ஆர்ட்டிகிள் சைஸோட 2 மடங்கு, 3 மடங்குன்னு கூட்டிக்கோங்க.

ரார்ல, அதாவது ஃபைல்களை ஒண்ணாக் கட்டுற ஆர்க்கைவ் வடிவத்துல, பிரிக்கணுமா? ஒத்தை ஃபைலுக்குத் தேவையே இல்ல. ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் இருந்தா மட்டும் ரார் போடுங்க, ஏன்னா வைஎன்க் ஃபைல் பேரைத்தான் தூக்கிட்டுப் போகும், ஃபோல்டர் அமைப்பு போகாது. போட்டாலும் சுருக்காம அப்படியே கட்டுற ஸ்டோர் மோட்ல போடுங்க. ஏற்கெனவே சுருக்கின ஃபைலை இன்னொரு தடவை சுருக்கி ஆகப்போறது ஒண்ணும் இல்ல.

ஃபைல் பேரைக் குலைச்சு, அர்த்தமில்லாத எழுத்துக்கோவையா மாத்தி போஸ்ட் பண்றதா இருந்தா வரிசை முக்கியம். பார்2-வை உண்மையான பேர்ல உருவாக்கிட்டு, அதுக்கப்புறம் பேரை மாத்துங்க. பார்2-க்குள்ள அசல் பேர் பதிவாயிருக்கும், இறக்குறவங்க டவுன்லோடர் அதைப் பாத்து பேரைத் திருப்பி வெச்சுடும். பேரை மாத்தினப்புறம் பார்2 பண்ணினா, கடைசில அவங்க கைல கிடைக்கிறது அந்தக் குலைஞ்ச பேர்தான்.

[திரையில்: போஸ்டிங் டூல் அமைப்புப் பக்கம்.]

போஸ்டிங் அமைப்பு சுருக்கமா. மறைகுறியாக்கத்தோட போக போர்ட் 563. பழைய 119 வேண்டாம். ஃப்ரம் இடத்துல நிஜ மின்னஞ்சல் போடாதீங்க, அது என்இசட்பி-க்குள்ள போஸ்டர்னு அப்படியே வந்து நிக்கும். டாட் இன்வேலிட்னு முடியுற பொய் முகவரி போதும். கம்ப்யூட்டர் கடிகாரத்தைச் சரிபாருங்க. தேதி 24 மணி நேரத்துக்கு மேல முன்னாடி இருந்தா சர்வர் ஆர்ட்டிகிளையே ஏத்துக்காது. கொஞ்சம் பின்னாடி இருந்தா ஏத்துக்கலாம், ஆனா தளத்தோட இண்டெக்ஸ்ல வயசு தப்பா விழும்.

சர்வர் பதில்ல 240 வந்தா ஏத்துக்கிச்சு. 441 வந்தா போஸ்ட் ஆகல. 440 வந்தா உங்க அக்கவுண்ட்டுக்கு போஸ்ட் பண்ற அனுமதியே இல்ல, எத்தனை தடவை முயற்சி பண்ணினாலும் அதேதான். 481 வந்தா யூசர் பேரோ பாஸ்வேர்டோ தப்பு.

ஒரு எச்சரிக்கை: 240 வந்துட்டா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. சர்வர் வாங்கிக்கிட்டு, பிறகு உள்ளுக்குள்ள தொலைக்கிறதும் நடக்கும். போஸ்ட் ஆனப்புறம் ஸ்டாட் கட்டளை மூலமா ஒவ்வொரு மெசேஜ் ஐடி-யும் இருக்கான்னு கேக்குற செக் வசதி டூல்ல இருந்தா ஆன் பண்ணுங்க. 223 வந்தா இருக்கு, 430 வந்தா இல்ல. இல்லாததை அப்பவே மறுபடி போஸ்ட் பண்ணிடலாம்.

முடிஞ்சதும் டூல் என்இசட்பி ஃபைலை எழுதிக் கொடுக்கும். உடனே ஒரு நகல் வேற இடத்துல எடுத்து வைங்க. பேரைக் குலைச்சு போஸ்ட் பண்ணியிருந்தா, இது தொலைஞ்சா உங்க ஃபைலை நீங்களே தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

[திரையில்: என்இசட்பி ஃபைல், ஒவ்வொரு பகுதியா வெளிச்சம் போடுது.]

இப்ப உள்ள பாக்கலாம். முதல் வரி எக்ஸ்எம்எல் அறிவிப்பு. அடுத்து ஹெட் பகுதி, அதுல மெட்டா வரிகள்: டைட்டில், பாஸ்வேர்டு, கேட்டகிரி, டேக். அதுக்குக் கீழ ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு தொகுதி. அதுல போஸ்டர், தேதி, சப்ஜெக்ட், எந்த குரூப் (யூஸ்நெட்டோட தலைப்புப் பிரிவு), அப்புறம் செக்மென்ட் வரிசை. ஒவ்வொரு செக்மென்ட்லயும் பைட் அளவு, வரிசை எண், மெசேஜ் ஐடி. தேதி 1970 ஜனவரி 1-லேர்ந்து எண்ணின செகண்ட் கணக்குல இருக்கும்.

மூணு விஷயத்தைக் கண்ணால பாத்துடுங்க. ஒண்ணு, சப்ஜெக்ட்ல 1-ன் கீழ் 1024-னு இருந்தா செக்மென்ட்டும் 1024 வரைக்கும் விடாம வரணும். நடுவுல 517 இல்லன்னா அது பட்டியல்லயே இல்லாத துண்டு, சர்வர்ல இருந்தும் பிரயோஜனம் இல்ல. ரெண்டு, பார்2 ஃபைல்களும் இதே என்இசட்பி-ல இருக்கான்னு பாருங்க. மெயின் ஃபைலை மட்டும் வெச்சுட்டு பார்2-வை விட்டா, நீங்க பட்ட பாடு எல்லாம் யாருக்கும் உதவாது. மூணு, மெசேஜ் ஐடி-யைச் சுத்தி கோண அடைப்பு இருக்கக்கூடாது. சர்வர்கிட்ட கேக்கும்போது டவுன்லோடரே அதைச் சேத்துக்கும்.

கையால திருத்தும்போது ஒரு எழுத்தே மொத்தத்தையும் கவுத்துடும். டைட்டில்ல ஆம்பர்சேண்ட் குறி அப்படியே இருந்தா எக்ஸ்எம்எல் உடைஞ்சிடும். அதுக்குன்னு இருக்கிற மாற்றுக் குறியீட்டைப் போடுங்க, இல்ல அந்தக் குறியையே எடுத்துட்டு 'மற்றும்'னு எழுதுங்க. டைட்டிலைத் தமிழ்ல வைக்கணும்னா முதல் வரியைப் பாருங்க. சில டூல்கள் அங்க ஐஎஸ்ஓ-8859-1-னு எழுதும், அதுல தமிழ் எழுத்துக்கு இடமே இல்ல. அதை யூடிஎஃப்-8-னு மாத்தி, ஃபைலையும் யூடிஎஃப்-8-ல சேமிங்க. ரெண்டுல ஒண்ணை மட்டும் பண்ணினா தளத்துல கேள்விக்குறியோ கோணல்மாணல் எழுத்தோதான் தெரியும். போஸ்ட் பண்ற ஃபைல் பேரை மட்டும் சாதா ஆங்கில எழுத்துலயே விடுங்க. பழைய டவுன்லோடர்கள் அங்க தடுமாறும்.

[திரையில்: டவுன்லோடர்ல என்இசட்பி சேருது. பச்சை நிறத்துல சரிபார்ப்பு ஓடுது.]

தளத்துக்குப் போறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை முழுசா இறக்கிப் பாருங்க. டவுன்லோடர் சாப்என்இசட்பிடி-யோ என்இசட்பிகெட்டோ எதுவானாலும் சரி. போஸ்ட் பண்ணின அதே சர்வர்ல பாத்தா பாதி சோதனைதான். ஆர்ட்டிகிள் மத்த நிறுவனங்களோட சர்வர்களுக்குப் பரவ நேரம் எடுக்கும், சில துண்டு பரவாமலே போகும். முடிஞ்சா வேற பேக்போன்ல, அதாவது ஆர்ட்டிகிள்களை நிஜமாவே வெச்சிருக்கிற வேற சர்வர் அமைப்புல, இருக்கிற அக்கவுண்ட்ல இறக்குங்க. கம்பெனிப் பேர் வேறன்னு பாத்து ஏமாந்துடாதீங்க. நிறைய கம்பெனிங்க ஒரே பேக்போனை வாங்கி மறுபடி விக்கிறவங்கதான், அங்க பாக்கிறது உங்க சர்வர்லயே பாக்கிற மாதிரி.

இனி லேபிள். சப்ஜெக்ட் வரியைக் காப்பி பண்ணி டைட்டில்ல ஒட்டாதீங்க. அதுல வைஎன்க், துண்டு எண்ணிக்கை, அடைப்புக்குறின்னு குப்பை நிறைய. டைட்டில்ல இருக்கவேண்டியது மென்பொருள் பேர், பதிப்பு எண், 64 பிட்டா 32 பிட்டா, இது முழு இன்ஸ்டாலரா நெட் இன்ஸ்டாலரா, மொழி. ஆடியோ புத்தகம்னா ஆசிரியர், தலைப்பு, படிச்சவர், ஆண்டு, ஃபார்மட். 'புதுசு', 'சூப்பர்', 'ஃபைனல்' மாதிரி வார்த்தைகளை யாரும் தேடுறதில்ல. வார்த்தைகளுக்கு நடுவுல புள்ளியா இடைவெளியாங்கிறது தளத்தோட வழக்கப்படி. பதிப்பு எண்ணோட உள்ள புள்ளியை மட்டும் எடுக்காதீங்க. 12.5-ஐ 125-னு ஆக்கினா தானியங்கித் தேடல் அதை வேற பதிப்புன்னு எடுத்துக்கும்.

[திரையில்: கேட்டகிரி பட்டியல்.]

கேட்டகிரி வெறும் அலங்காரம்னு நினைச்சு கைக்கு வந்ததை எடுக்கிறவங்க நிறைய. நியூஸ்நாப் (என்இசட்பி தளங்களுக்கான மென்பொருள்) முறையைப் பின்பத்துற தளங்கள்ல ஒவ்வொண்ணுக்கும் எண் உண்டு: 3000 ஆடியோ, 4000 கம்ப்யூட்டர், 5000 தொலைக்காட்சி, 7000 புத்தகம். உள்பிரிவும் உண்டு, 3030 ஆடியோ புத்தகம், 7020 மின்நூல். மத்தவங்க டூல்கள் இந்த எண்ணை வெச்சுத்தான் தேடும், இறங்கினதை எந்த ஃபோல்டர்ல போடணும்னும் அதை வெச்சே முடிவு பண்ணும். ஆடியோ புத்தகத்தை 7020-ல போட்டா தேடுறவங்க கண்ணுல படாது.

பாஸ்வேர்டு போட்டிருந்தா மூணு இடம் உண்டு: மெட்டா பாஸ்வேர்டு வரி, தளத்துல அதுக்கான பெட்டி, இல்லன்னா ஃபைல் பேரோட கடைசில இரட்டை நெளிவு அடைப்புக்குள்ள. மெட்டா வரிதான் நம்பகமானது, யாராவது ஃபைல் பேரை மாத்தினாலும் அது கூடவே போகும். விவரணைல மட்டும் எழுதிட்டு விட்டா டவுன்லோடருக்குத் தெரியாது, எல்லாம் இறங்கினப்புறம் விரிக்க முடியாம நிக்கும். பகிரத்தான் போறோம்னா பாஸ்வேர்டே எதுக்குன்னு ஒரு தடவை யோசிங்க.

விவரணைல உரிமம் என்ன, அசல் எங்கேர்ந்து வந்தது, ஷா-256 செக்சம் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண்), இந்த மூணும் இருந்தா போதும். செக்சம் கொடுத்தா மென்பொருளை வெளியிட்டவங்க தர்ற எண்ணோட ஒப்பிட்டுப் பாத்துக்கலாம். இன்ஸ்டால் இமேஜுக்கு அது ரொம்ப அவசியம்.

ஏத்தினதும் தளம் சுமாரா 793 எம்பி-னு காட்டும், 700 இல்ல. பயப்படாதீங்க. 10 சதவீதம் பார்2, அதுக்கு மேல வைஎன்க் சுமை 3 சதவீதம், செக்மென்ட் பைட்டைக் கூட்டினா அதுதான் வரும். சரியாக் காட்டணும்னு அந்த எண்களைக் கையால மாத்துனா டவுன்லோடரோட கணக்கும் குழம்பும்.

ஏற்கெனவே இருக்குன்னு தளம் தள்ளிவிட்டா, பெரும்பாலும் அதே மெசேஜ் ஐடி-ங்க அங்க பதிவாயிருக்குன்னு அர்த்தம். டைட்டிலை மாத்தி மறுபடி தள்ளப் பாக்காதீங்க. இருக்கிற பதிவுல பேர் தப்புன்னா அதைத் திருத்தச் சொல்லி நிர்வாகிகளுக்குத் தெரிவிங்க.

சில வாரம் கழிச்சு அதே என்இசட்பி-யை மறுபடி சோதிச்சுப் பாருங்க. ஆர்ட்டிகிள் கொஞ்சம் கொஞ்சமாக் குறையுதுன்னா, பார்2 கைவிடுறதுக்கு முன்னாடியே மறுபடி போஸ்ட் பண்ணி புது என்இசட்பி-யை ஏத்துங்க. ஏத்தின கையோட பழைய பதிவை நீக்குங்க. ரெண்டும் ஒரே பேர்ல கிடந்தா, தானியங்கி டூல் செத்துப்போன பழசை எடுத்துட்டு வந்து தோத்து நிக்க வாய்ப்பிருக்கு.