காலி மனையில் நிற்கும் கீரை

நேயர்களுக்கு வணக்கம். வடகிழக்குப் பருவமழை நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் போதும், சென்னையில் மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் காலி மனையெல்லாம் பச்சையாகிவிடும். புதர் மண்டிவிட்டது, பாம்பு வரும் என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பார்கள். பாம்பு வரலாம்தான். ஆனால் அதே புதரில் மூக்கிரட்டை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை எல்லாம் நிற்கின்றன. வேலியில் முடக்கத்தானும் கோவையும் ஏறியிருக்கும்.

முடக்கத்தானைக் கண்டுபிடிப்பது சுலபம். உப்பிய முப்பட்டைக் காயை உடைத்தால் மிளகளவு கறுப்பு விதை, அதில் இதய வடிவில் ஒரு வெள்ளைப் பொட்டு. இலையைப் புழுங்கலரிசியோடு அரைத்து தோசை வார்க்கலாம். மூக்கிரட்டைதான் குழப்பும். சாரணையும் அதேபோலத் தரையோடு படரும். பூவைப் பாருங்கள்: மூக்கிரட்டையில் நீண்ட காம்பின் நுனியில் பொடிப்பொடியாகப் பூத்திருக்கும், சாரணையில் இலை தண்டோடு சேரும் இடத்திலேயே ஒட்டியிருக்கும். இரண்டையும் சமைக்கிறவர்கள் உண்டு. என்றாலும் பெயர் தெரியாத செடியைப் பறிக்கவே கூடாது என்பது என் கட்சி.

அதைவிட எனக்குக் கவலை மண்ணைப் பற்றித்தான். ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000ஆம் ஆண்டோடு போய்விட்டது. ஈயம் போகவில்லை. அது மக்காது, பழைய சாலையோர மண்ணின் மேற்பரப்பிலேயே தங்கிவிடும். சாக்கடையோரக் குப்பைக்கீரை தளதளவென்று கண்ணைப் பறிக்கும். கழிவுநீரில் உள்ள நைட்ரஜன் கொடுக்கும் செழிப்பு அது. நைட்ரேட்டையும் உலோகங்களையும் அந்தக் கீரை தனக்குள் சேர்த்துக்கொள்ளும். கழுவினால் தூசி போகும், உள்ளே ஏறியது போகாது. குப்பை எரித்த இடம், கட்டட இடிபாடு கொட்டிய மனை, களைக்கொல்லி அடித்த நடைபாதை ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம் எங்கேதான் பறிப்பது? குடியிருப்புத் தோட்டம், கோயில் நந்தவனம், மொட்டைமாடித் தொட்டி. கேட்டுவிட்டுப் பறியுங்கள். தோட்டத்தில் களை எடுக்கும் அம்மாக்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பிடுங்கியதில் தொய்யக்கீரையை மட்டும் தனியாக ஒதுக்கி முந்தானையில் முடிந்துகொள்பவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் பேச்சுக் கொடுத்தால் நான் இங்கே சொல்வதைவிட அதிகம் கிடைக்கும்.

முதல்முறை சமைக்கும்போது ஒரே கீரையை, கொஞ்சமாக, பருப்போடு வேகவைத்துக் கடையுங்கள். நாலைந்தைக் கலந்துவிட்டால், வயிறு முரண்டு பிடிக்கும்போது எதனால் என்று தெரியாது. சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குப் பருப்புக்கீரை வேண்டாம், கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் அதில் அதிகம். வணக்கம்.