கட்சிக் கணக்கைக் கேட்கும் உரிமை

மதிப்பிற்குரிய வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த வணிகர் சங்க நிர்வாகிகளே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசிய தமிழாசிரியர் ஐயா அவர்களே, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையில் பேரூராட்சி உறுப்பினர்கள், மூன்று கட்சிக்காரர்கள், சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அரசியல்வாதிகளின் சுயநலம் பற்றிய கூட்டம் என்று நோட்டீசில் போட்டிருந்தும் வந்தார்களே, அந்தப் பெருந்தன்மைக்கு என் நன்றி.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். கட்சி தாவுவது, கட்சிக்கு வரும் பணம், ஓட்டுக்குப் பணம் வாங்கும் நாம். எனக்குப் பிடித்த பழமொழி ஒன்று உண்டு, எந்த மேடையிலும் அதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை: "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே." நெய் ஊரார் வீட்டு நெய். பரிமாறுகிற கை நம்ம வீட்டுக் கை. அப்புறம் யார் இலையில் நெய் மிதக்கும் என்று கேட்கவா வேண்டும்?

ஹரியானா கதை பெரியவர்களில் சிலருக்கு நினைவிருக்கும், பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது, அவர்களுக்காகவே சொல்கிறேன். 1967. மாநிலம் பிறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, முதல் தேர்தல் நடக்கிறது. கயா லால் என்றொருவர் சுயேச்சையாக நின்று ஜெயிக்கிறார், ஜெயித்ததும் காங்கிரசில் சேருகிறார். சரி, போகட்டும். அங்கிருந்து எதிரணியான ஐக்கிய முன்னணிக்குப் போகிறார். மறுபடி காங்கிரசுக்கு வருகிறார். வந்து 9 மணி நேரம்தான், திரும்ப ஐக்கிய முன்னணி! எல்லாம் 15 நாட்களுக்குள். அவரைச் சண்டிகரில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் நிறுத்தியவர் ஐக்கிய முன்னணித் தலைவர் ராவ் பீரேந்தர் சிங். போனவர் இதோ வந்துவிட்டார் என்று பெருமையோடு அறிவித்தார். "ஆயா ராம், கயா ராம்", வந்தார் ராம் போனார் ராம் என்று இன்றைக்கும் நாடு முழுக்கச் சொல்கிறார்களே, அது பிறந்தது அங்கேதான். அந்த பீரேந்தர் சிங்கும் காங்கிரசிலிருந்து போய் முதலமைச்சர் ஆனவர்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி ஆளாளுக்குத் தாவித் தாவி, அந்த நவம்பரிலேயே சட்டசபையைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஓட்டுப் போட்டு ஒன்பது மாதம்! அதே மாநிலத்தில் 1980இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பஜன் லால் ஜனதா கட்சியின் முதலமைச்சர். மத்தியில் இந்திரா காந்தி திரும்ப வந்ததும் பெரும்பாலான எம்.எல்.ஏ.க்களோடு அப்படியே காங்கிரசுக்குப் போய் முதலமைச்சராகவே இருந்தார். ஜனதாவுக்கு ஓட்டுப் போட்டவன் கதி என்ன? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது, 2003இல் அதை இறுக்கினார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்து போனால் அது தாவல் இல்லை, இணைப்பு என்று இன்னும் ஒரு வாசல் திறந்தே கிடக்கிறது. இதைப் பற்றி நிறையப் பேசலாம், ஆனால் என் மனசெல்லாம் பணக் கணக்கில்தான் இருக்கிறது.

2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. லண்டன் வேதாந்தா குழுமத்துக் கம்பெனிகளிடம் காங்கிரசும் பாஜகவும் நன்கொடை வாங்கியது வெளிநாட்டுப் பணம் வாங்கியதற்குச் சமம், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறியது என்று. அந்தக் கம்பெனிகளில் ஒன்று நம் தூத்துக்குடி ஸ்டெர்லைட். பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்க விடாதது. 2016இலும் 2018இலும் நிதி மசோதாவுக்குள் வைத்து அந்தச் சட்டத்தையே திருத்தினார்கள், 1976 வரைக்கும் பின்தேதியிட்டு! 2018இல் மக்களவையில் அந்த நிதி மசோதா விவாதமே இல்லாமல் நிறைவேறியது. மேடைக்கு மேடை ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் இரண்டு கட்சிகளும் ஒரே திருத்தத்தில் தப்பித்தன. அதே ஆண்டு மே 22ஆம் தேதி தூத்துக்குடியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நம் தெருச் சாக்கடைக்கு என்ன செலவானது என்று 10 ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். நான் அப்படித்தான் எம் புக், அதாவது செய்த வேலையின் அளவுகளை எழுதிவைக்கும் அளவுப் புத்தகம், அதன் நகல் வாங்கினேன். ஆறு அங்குலக் கனம் என்று எழுதியிருந்த இடத்தில் டேப் வைத்தால் நாலு அங்குலம்கூட இல்லை. அந்தத் தாளைக் காட்டியபிறகுதான் மறுபடி போட்டார்கள். சாக்கடைக்கு இருக்கிற இந்த உரிமை கட்சிக் கணக்குக்கு ஏன் இல்லை?

2013 ஜூன் 3ஆம் தேதி மத்தியத் தகவல் ஆணையம் 6 தேசியக் கட்சிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று உத்தரவிட்டது. காரணம், அவை அரசிடம் பெறுவது: டெல்லியில் சலுகை விலையில் நிலம், வருமான வரி விலக்கு, தூர்தர்ஷனில் இலவச நேரம், எல்லாம் ஊர்ப் பணம். காங்கிரஸ், பாஜக, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், தேசியவாத காங்கிரஸ், பகுஜன் சமாஜ், ஒன்றுகூட அந்த உத்தரவுக்குப் பணியவில்லை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குப் பணம் தர வழிசெய்த தேர்தல் பத்திரத்தை ரத்து செய்து கணக்கை வெளியிட வைத்தது. அது வரைக்கும் அந்தப் பத்திரத்தில் வந்த நெய் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்கக்கூட நமக்கு வழியில்லை.

ஓட்டுக்குப் பணம் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார். ஆர்.கே. நகரில் 2017இலும் வேலூரில் 2019இலும் தேர்தலையே ரத்து செய்ய வேண்டி வந்ததை மட்டும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள், ஆசிரியர்களிடம் கேளுங்கள்.

வாசல் பக்கத்து மேசையில் ஒரு மனு இருக்கிறது. எல்லாக் கட்சிகளையும், மாநிலக் கட்சிகளையும் சேர்த்து, தகவல் உரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவரச் சொல்லி நம் எம்.பி.க்கு எழுதியது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். பேனா இரண்டுதான் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்து வரிசையாக வாங்க. முதல் கையெழுத்து முன்வரிசை உறுப்பினர்களுடையதாக இருக்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.