சாவியை வாசகர்களிடம் கொடுங்கள்
(பெங்களூர் அல்சூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் அம்மா அவர்களே! ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்; இந்த அரங்கில் பாதிப் பேருக்கு அகரம் சொல்லிக்கொடுத்தவர். அவர் முன்னால் நின்று பேசுவதே எனக்குப் பெருமை. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பொறியாளர் ஐயா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த உரிமையாளர் அவர்களே, கோலார் தங்கவயலிலிருந்து ரயிலேறி வந்திருக்கும் பெரியவர்களே, நம் அழைப்பை ஏற்று வந்த கன்னட நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பழைய கட்டடங்களை இடிக்காமல் செப்பனிட்டு மக்களுக்குத் திறந்துவிடுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று சொல்கிறேன். ஒன்று சுவர். இரண்டு, தண்ணீரும் மின்சாரமும். மூன்று, உள்ளே யார் வரப்போகிறார்கள் என்பது. சுவரிலிருந்து தொடங்குகிறேன். சுவர் இருந்தால்தானே சித்திரம்?

எங்கள் தெருக்கோடியில் ஒரு பழைய சத்திரம் இருக்கிறது. செங்கல், சுண்ணாம்பு, மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரங்கள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மட்டமான கூரை. சில வருடங்களுக்கு முன்பு ஒரு கான்ட்ராக்டர் வந்து சுவர் முழுக்க சிமென்ட் பூசி, பளபளவென்று பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். அடுத்த மழைக்கே பூச்சு உப்பிக்கொண்டு வந்தது. வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்தது. கட்டடம் கிழடாகிவிட்டது, இடிக்க வேண்டியதுதான் என்று பேச்சுக் கிளம்பியது. அந்தச் சமயத்தில் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனாரை அழைத்து வந்தார்கள். எழுபது வயது தாண்டியவர். வந்தவர் டேப்பை எடுக்கவில்லை. கரண்டிக் கட்டையால் சுவரைத் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டே சத்திரத்தை ஒரு சுற்று வந்தார். "சாமி, சுவருக்கு மூச்சு முட்டுது. இந்தச் சட்டையைக் கழட்டுங்க" என்றார்.

சிமென்ட்டைக் கொத்தி எடுத்தார்கள். பின்கட்டில் பள்ளம் தோண்டிச் சுண்ணாம்பைத் தாளித்து ஊறப் போட்டார். சுண்ணாம்புக் கலவையில் சேர்க்க, டிரம்மில் கடுக்காயும் வெல்லமும் நாள்கணக்கில் ஊறின. அந்த வாடை தெரு முழுக்க! பால் ஊற்றும் அம்மா வந்து, "பெரியவரே, சாராயமா காய்ச்சுறீங்க?" என்று சண்டைக்கே நின்றுவிட்டார். கொத்தனார் அந்தத் தண்ணீரில் ஒரு கை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் ஊற்றி, விரலால் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். பிசுபிசுவென்று ஒட்டியது. "இந்தப் பிடிமானம்தாம்மா நூறு வருசம் நிக்கும்" என்றார். மறுநாளிலிருந்து அவருக்குக் காலை டீ அந்த அம்மா வீட்டிலிருந்துதான். அடுத்த மழையில் சுவர் உலர்ந்தே இருந்தது.

காரணம் இதுதான். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சிமென்ட் அடைத்துவிடும், உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் உப்போடு சேர்ந்து செங்கல்லையே அரிக்கும். சுற்றுச்சூழல் கணக்கும் இதில் இருக்கிறது. சிமென்ட் சூளைக்குச் சுமார் 1450 டிகிரி வெப்பம் வேண்டும். சுண்ணாம்புக்கு 900 டிகிரி அளவே போதும். அதோடு, சுண்ணாம்பு இறுகும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இந்தச் சத்திரத்தின் செங்கல்லுக்கு எரிக்க வேண்டிய விறகு எப்போதோ எரிந்தாகிவிட்டது. இடித்தால் அந்தச் செலவெல்லாம் வீண். புதிதாக ஒரு சூளை மூட்ட வேண்டும், இடிபாட்டை அள்ள லாரி வேண்டும்.

மின்சாரம், மழைநீர் பற்றிப் பொறியாளர் ஐயா என்னைவிடத் தெளிவாகச் சொல்வார். நான் என் கோரிக்கைக்கு வருகிறேன்.

அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய சத்திரம் இன்று பூட்டிக் கிடக்கிறது! சுவர் இருந்தால்தான் சித்திரம், சரி. சுவர் இருந்தும் சித்திரம் இல்லையென்றால் என்ன செய்வது? ஒற்றை அறை வீட்டில், ஓடும் டிவிக்குப் பக்கத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளை படிக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் ஒரு வாசகசாலை வேண்டும். தமிழ், கன்னடம், உருது, ஆங்கிலம், நான்கிலும் நாளிதழ் வேண்டும். படியேற முடியாதவர்களுக்குச் சாய்வுப் பாதையும், பெண்களுக்குக் கழிப்பறையும் வேண்டும்.

இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதா என்ன? 1915இல் எழுந்த சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம்தான் இன்று கப்பன் பூங்காவில் மாநில மத்திய நூலகம். பழைய மத்தியச் சிறை 2008இல் ஃப்ரீடம் பார்க் ஆனது. மாணிக்கவேலு முதலியாரின் மாளிகை 2009இல் தேசிய நவீன ஓவியக் கூடமாகத் திறந்தது. 1868இல் கட்டி முடித்த அட்டாரா கச்சேரி என்ற பழைய அரசு அலுவலகக் கட்டடத்தை 1980களில் இடிக்க நினைத்தபோது, வழக்குப் போடும் அளவுக்கு ஊர் எதிர்த்து நின்றது. உயர் நீதிமன்றம் இன்றும் அங்கேதான் நடக்கிறது. சிறைச்சாலையே பூங்காவாகும் ஊரில் ஒரு சத்திரம் வாசகசாலையாகக் கூடாதா?

வாசலில் மேஜை போட்டிருக்கிறோம். மனு கன்னடத்திலும் தமிழிலும் இருக்கிறது. பெயரோடு முகவரியையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முகவரி இல்லாத கையெழுத்தை அலுவலகத்தில் கணக்கில் எடுக்க மாட்டார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் கொடுக்கப் போகிறோம்; வர முடிந்தவர்கள் அல்சூர் ஏரி பஸ் நிறுத்தத்துக்கு ஒன்பதரைக்கே வந்துவிடுங்கள்.