தேங்காய் எண்ணத் தெரிந்தால் பருந்தும் எண்ணலாம்!

(காட்சி: கன்னியாகுமரி அருகே மருந்துவாழ் மலையின் உச்சி. காலை வெயில். கீழே தென்னந்தோப்பு, தொலைவில் கடல்.)

உரித்த தேங்காய் ஒன்றின் எடைதான் இருக்கும் சேற்றுப் பூனைப்பருந்து என்ற அந்த வேட்டைப் பறவை. இறக்கையை விரித்தால் நான்கடி. பங்குனி மாதத்தில் ஒரு காலை, நம் ஊர் வயலை விட்டுக் கிளம்பும். கஜகஸ்தான், தென் சைபீரியா என்று நாணல் அடர்ந்த நீர்நிலைகளைத் தேடிப் போய்க் கூடு கட்டும். அது கிளம்பிய நாளை யார் குறித்து வைக்கிறார்கள்? மலைமேல் ஏறி உட்கார்ந்து நாம்தான் குறிக்க வேண்டும்.

வணக்கம் நண்பர்களே! கோடைக்கு முன் வடக்கே திரும்பும் வேட்டைப் பறவைகளை மலை முகட்டிலிருந்து எண்ணுவது எப்படி? அதுதான் இந்த வீடியோ. எண்ணும் வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பறவை ஆராய்ச்சியாளர் அல்லர். அவர் யார் என்று நடுவில் சொல்கிறேன், எங்கும் போய்விடாதீர்கள்.

வரலாற்றை விரைவாக முடித்துவிடுகிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாக் மவுண்டன் என்றொரு முகடு. அங்கே பருந்துகளைச் சுட்டுக் குவித்துக்கொண்டிருந்தார்கள். 1934-இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து வேட்டையை நிறுத்தினார். துப்பாக்கி இருந்த இடத்துக்கு நோட்டுப் புத்தகம் வந்தது. 1930-களின் பிற்பகுதியில் அங்கே பறந்துபோன வெண்தலைக் கழுகுகளில் நூற்றுக்கு நாற்பது இளம்பறவைகள். 1957-இல் 32 முதிர்ந்த கழுகுகளுக்கு ஓர் இளம்பறவைதான். கழுகுகள் பறந்துகொண்டுதான் இருந்தன, குஞ்சுகள்தாம் வரவில்லை. டி.டி.டி. பூச்சிமருந்து செய்த கேடு அது. அதைக் காட்டிக்கொடுத்த சாட்சிகளில் அந்த நோட்டும் ஒன்று.

சரி, மலை முகடு எதற்கு? ஒன்பது மணி வெயிலில் பாறையைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அந்தச் சூட்டில் காற்று தூண்போல் மேலே எழும்பும். அகன்ற சிறகுள்ள பறவை அதற்குள் புகுந்து, சிறகை அசைக்காமலே வட்டமிட்டு ஏறி, உச்சியிலிருந்து சரிந்து அடுத்த தூணுக்குப் போய்விடும். கடலின் மேல் இந்தத் தூண்கள் வலுவாக எழும்புவதில்லை. அதனால்தான் பெரும்பாலான பருந்துகள் கடலைக் கண்டால் ஒதுங்கி, குறுகலான இடம் பார்த்துக் கடக்கின்றன. மலேசியாவில் போர்ட் டிக்சன் அருகே தஞ்சோங் துவான் என்றொரு முனை இருக்கிறது. மார்ச் மாதத்தில் சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் தேன்பருந்துகளைக் கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்று எண்ணுகிறார்கள். மலேசியாவில் இருந்து பார்க்கும் உறவுகளே, ஒருமுறையாவது போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள்!

கன்னியாகுமரியில் அந்தக் கூட்டத்தை எதிர்பார்க்காதீர்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்தான். நம் முனையிலிருந்து இலங்கை இருநூறுக்கும் மேல். இங்கே பார்க்கக் கிடைப்பவை பெரும்பாலும் நம் குளங்களிலும் வயல்களிலும் குளிர்காலத்தைக் கழித்த பறவைகள். ஒன்று, இரண்டு என்றுதான் வரும். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

(காட்சி: ஈத்தாமொழி. உரித்த தேங்காய்க் குவியல்.)

இப்போது அந்த ஆசிரியர். ஈத்தாமொழியில் தேங்காய் எண்ணும் பெரியவர் ஒருவர். குவியலின் முன் குனிந்து, குடுமியைப் பிடித்துக் கைக்கு இரண்டாக நான்கு நான்காகத் தூக்கிப் போடுவார். முதல் போட்டுக்கு ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார், ‘லாபம்’ என்பார். நெல் அளக்கும் களத்தில் கேட்டிருப்பீர்களே, அதே லாபம். பிறகு இரண்டு, மூன்று. இருபத்தைந்து போட்டால் நூறு. நூறு முடிந்ததும் ஒரு காயைத் தனியாக வைப்பார். கடைசியில் தனியே இருக்கும் காய்களை எண்ணினால் எத்தனை நூறு என்று தெரிந்துவிடும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தாலும் கணக்குத் தவறாது. எப்படி என்று கேட்டேன்.

“மக்களே, குவியலைப் பார்த்து எண்ணினால் தலைதான் சுற்றும். கையை விட்டுப் போகிறதே, அதை எண்ணு.”

நண்பர்களே, பருந்து எண்ணுவதும் இதேதான்! காற்றுத் தூணுக்குள் சுற்றும் பறவைகள்தாம் குவியல். ஒன்றை ஒன்று மறைக்கும், ஏறும், இறங்கும். அங்கே எண்ணினால் ஒரே பறவையை மூன்று முறை எண்ணுவோம். காத்திருக்க வேண்டும். உச்சிக்குப் போனதும் ஒவ்வொன்றாக வரிசை பிடித்து வடக்கே சரியும். அதுதான் கையை விட்டுப் போகிற காய். கூட்டம் பெரிதாக இருந்தால் பத்தை மட்டும் எண்ணி, அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனத்தில் வாங்கி, அதையே அளவாக வைத்து மீதியை அளக்க வேண்டும். மரக்கால் வைத்து நெல் அளப்பதுபோல.

கோடும் ஒன்று வேண்டும். நான் நிற்கும் பாறையிலிருந்து சுசீந்திரம் கோபுரம் வரை மனத்துக்குள் ஒரு கயிறு கட்டிக்கொள்வேன். அதைத் தாண்டி வடக்கே போனால்தான் கணக்கு. திரும்பி வந்தால் ஒன்றைக் கழிக்க வேண்டும். நாள் முழுக்க அங்கேயே வட்டமிடும் கிருஷ்ணப்பருந்து நம் ஊர்க்காரர், கணக்கில் சேராது.

ஒரு மணி நேரம் எதுவும் வராவிட்டால்? பூஜ்யம் என்று எழுதுங்கள். காற்று எந்தத் திசை, மேகம் எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், எனக்கு மிகவும் வருத்தம். பூஜ்யம் எழுதாத நோட்டில், பறவை வராத நாளும் ஆள் போகாத நாளும் ஒன்றுபோலத் தெரியும்.

மகாராஷ்டிரத்தில் சதாரா அருகே சால்கேவாடி பீடபூமியில் செய்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. காற்றாலைகள் இருந்த பகுதியில் வேட்டைப் பறவைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் இருந்தன. பயமுறுத்த ஆள் இல்லாததால் பல்லியினம் பெருகிவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தல் காற்றாலைகளும் நமக்குக் கூப்பிடு தூரம். நாம் எண்ணாவிட்டால் வேறு யார் எண்ணுவார்கள்?

(காட்சி: நோட்டுப் புத்தகம். ஏழு மணி முதல் பத்து மணி வரை மூன்று பூஜ்யங்கள்.)

போன பங்குனியில் ஒரு நாள். கழுத்து வலித்தது, தண்ணீர் தீர்ந்துவிட்டது. பத்தே கால் மணிக்கு மணக்குடி உப்பளப் பக்கமிருந்து பழுப்பாக ஒன்று எழும்பியது. சிறகை லேசாக மேலே தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்ந்தபடி வந்தது. தலை மட்டும் வெண்ணெய் தடவியதுபோல வெளுப்பு. சேற்றுப் பூனைப்பருந்து, பெட்டை. நான் நின்ற பாறைக்கு நேர்மேலே இரண்டு வட்டம் போட்டது. அது கீழே குனிந்து பார்த்தது தொலைநோக்கியில் தெரிந்தது. பிறகு சரிந்து, கோபுரக் கோட்டைத் தாண்டி, தேரூர்க் குளத்தின் மேல் புள்ளியாகிப் போய்விட்டது.

பேனாவைத் திறந்தேன். வாய் தானாகச் சொல்லிற்று: “லாபம்.”