எந்தச் சூட்டில் இளகும்?

நேயர்களுக்கு வணக்கம். முகத்தில் பூசும் ஜெல்லுக்கும் வாயில் மெல்லும் கம்மி மிட்டாய்க்கும் என்ன உறவு என்று கேட்டால் சிரிப்பீர்கள். இரண்டிலும் ஒரே வேலைதான் நடக்கிறது: தண்ணீரை ஓடவிடாமல் பிடித்து வைப்பது. அதைச் செய்யும் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாரும் முதலில் கேட்பது, "இது இயற்கையானதா?" சரி, கேட்கட்டும். நான் கேட்பது வேறு. எந்தச் சூட்டில் இளகும்?

வழக்கமான கம்மிகளில் இருப்பது ஜெலட்டின். விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜனிலிருந்து எடுப்பது. சுமார் 35 டிகிரியிலேயே இளகிவிடும். நம் உடம்புச் சூடு 37. அதனால்தான் மெல்ல மெல்ல நாக்கில் கரைகிறது. அதே குணம் வெயிலில் வினையாகும். ஒருமுறை வண்டியில் மறந்துவிட்டுப்போன டப்பாவைத் திறந்து பார்க்கிறேன், உள்ளே இருந்த கரடி வடிவக் கம்மிகள் எல்லாம் சேர்ந்து ஒரே கரடியாகியிருந்தன!

இந்த வெயில் தொல்லை புதிதல்ல. 1881-இல் ஜெர்மன் கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் கிருமிகளை ஜெலட்டின் மேல் வளர்க்கப் பார்த்தார். கோடைச் சூட்டில் ஜெலட்டின் உருகி ஓடியது. போதாக்குறைக்குச் சில கிருமிகள் அதையே தின்று கரைத்தன. அவருடைய மனைவி ஃபேனி, வேலையில் உதவியாக இருந்தவர், தன் சமையலறையில் செய்யும் ஜெல்லி கோடையிலும் இளகாததை நினைத்துப் பார்த்தார். அதில் அவர் போட்டது அகர், சிவப்புக் கடற்பாசியில் கிடைப்பது. முன்பு ஜாவாவில் வாழ்ந்த ஓர் அண்டை வீட்டார் சொல்லிக்கொடுத்ததாம். அகரைக் கொதிக்கவைத்துக் கரைத்தால் 40 டிகிரிக்குக் கீழே ஆறும்போதுதான் உறையும். உறைந்ததை மறுபடி இளக்க 85 டிகிரியாவது வேண்டும். கிருமி வளர்க்கும் பெட்டியின் 37 டிகிரி அதற்கு ஒன்றுமேயில்லை. மறு ஆண்டே காசநோய்க் கிருமி பற்றிய கட்டுரையில் கோக் அகரைக் குறிப்பிட்டார். ஃபேனியின் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு இதில் இன்னும் ஆதங்கம் உண்டு.

அப்படியானால் கம்மிக்கு அகரே போதுமே என்பீர்கள். கடித்துப் பாருங்கள், பட்டென்று உடையும். ஜெலட்டினின் இழுவை வராது. நடுவழியாகப் பலர் போவது பெக்டினுக்கு. எலுமிச்சை வகைப் பழத்தோலிலும் ஆப்பிள் சக்கையிலும் இருந்து எடுப்பது. ஆனால் அது கொஞ்சம் பிடிவாதக்காரர். சாதாரண வகை உறைய நிறையச் சர்க்கரை வேண்டும், புளிப்பும் வேண்டும். புளிப்பை முன்கூட்டியே ஊற்றினால் அச்சுக்குப் போகும் முன்பே பாத்திரத்தில் கட்டிவிடும். அதனால் அமிலம் கடைசியில்தான். சர்க்கரை குறைந்த கம்மி வேண்டுமென்றால் கால்சியத்தோடு உறையும் வேறு வகைப் பெக்டினைத் தேட வேண்டும். மறுபடியும் அதே கதைதான், இயற்கை என்ற சொல் இதில் எதையும் முடிவு செய்வதில்லை.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் முடியப்போகிறது என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். முகப்பூச்சுக்கு நான் ஒரு பெரிய பகுதியே வைத்திருந்தேன்!

சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே அதிகம் பயன்படுவது சாந்தன் கம், பாக்டீரியா சர்க்கரையைத் தின்று தருவது. தூளை நேரே தண்ணீரில் தூவினால் வெளியே வழவழப்பு, உள்ளே காய்ந்த மாவு என்று கட்டி கட்டியாக நிற்கும். முதலில் கிளிசரினில் குழைத்துவிட்டுத் தண்ணீர் சேருங்கள். நூற்றுக்கு அரைப் பங்கே பல ஜெல்களுக்குப் போதும். கூடினால் விரலை எடுக்கும்போது மூக்குச்சளி போல நூல் இழுக்கும். அப்புறம், தண்ணீரில் கரைந்த பசை கிருமிகளுக்கும் நல்ல இடம், அதனால் கெடாமல் காக்கும் பொருளைச் சேர்க்காமல் விடாதீர்கள். கடற்பாசிக் காராஜீனனைப் பற்றிப் பேச நேரமில்லை. வணக்கம்.