கடைசி விநாடியின் இன்னொரு பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் பேசுவதால் ஒரு வானொலிக் குரலிலிருந்தே தொடங்குகிறேன். 1965 ஏப்ரல் 15, பாஸ்டன் நகரம். பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கும் பிலடெல்பியா அணிக்கும் நடந்த கூடைப்பந்துத் தொடரின் ஏழாவது ஆட்டம். வர்ணனை செய்தவர் ஜானி மோஸ்ட். சரளைக்கல்லில் வண்டி ஓடுவதுபோன்ற குரல். நடுநிலை என்பதெல்லாம் அவருக்குப் பழக்கமில்லை, முழுக்க முழுக்க பாஸ்டன்காரர். ஆட்டம் முடிய ஐந்து விநாடி இருக்கும்போது தொண்டை கிழியக் கத்தினார்: "ஹாவ்லிசெக் பந்தைப் பறித்துவிட்டார்! எல்லாம் முடிந்தது!" அந்தக் கத்தல் பின்னாளில் இசைத்தட்டாகவே விற்பனைக்கு வந்தது. ஜான் ஹாவ்லிசெக் என்ற பெயர் அமெரிக்கக் கூடைப்பந்தில் அன்றிலிருந்து அழியாத பெயர்.

சரி, அந்த ஐந்து விநாடி எப்படி வந்தது? பாஸ்டன் 110, பிலடெல்பியா 109. பந்து பாஸ்டன் கையில். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிந்தால் போதும், வெற்றி. எறிந்தவர் பில் ரஸ்ஸல். அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர், 13 ஆண்டுகளில் 11 முறை கோப்பை வென்றவர். அவர் எறிந்த பந்து கூடைப் பலகையைத் தாங்கிப் பிடித்திருந்த கம்பியில் பட்டது! விதிப்படி பந்து எதிரணிக்குப் போனது. ஒரே ஒரு கூடை போட்டால் பிலடெல்பியா ஜெயித்துவிடும்.

இப்போது பந்தை உள்ளே எறிய வேண்டியவர் ஹால் கிரீர். எறிவதற்கு ஐந்து விநாடிதான் அவகாசம். அவருக்கு முதுகைக் காட்டியபடி, தான் காவல் காக்க வேண்டிய செட் வாக்கரைப் பார்த்துக்கொண்டு நின்ற ஹாவ்லிசெக், மனசுக்குள் எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று... இன்னும் பந்து வரவில்லை. அப்படியானால் எறிபவர் திணறுகிறார் என்று அர்த்தம். ஓரக்கண்ணால் திரும்பிப் பார்த்தார். பந்து காற்றில் வந்துகொண்டிருந்தது. எம்பித் தட்டினார். தட்டிய பந்து சக ஆட்டக்காரர் சாம் ஜோன்ஸிடம் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

ஹாவ்லிசெக்கைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆனால் அந்தத் தருணத்தில் ரஸ்ஸலுக்கும் பங்கு இருக்கிறது, கிரீருக்கும் இருக்கிறது. இத்தனை வருடம் இந்த விளையாட்டைப் பார்த்ததில் எனக்குப் பிடித்துப்போன விஷயம் இதுதான். புகழ்பெற்ற ஒவ்வொரு கடைசி விநாடிக்குப் பின்னாலும் இன்னொரு பெயர் நிற்கிறது. இன்று அந்தப் பெயர்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

புதிதாகக் கேட்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக், என்.பி.ஏ. அக்டோபரில் தொடங்கி ஒவ்வோர் அணியும் 82 ஆட்டம் ஆடும். அவற்றில் 16 அணிகள் ஏப்ரலில் பிளேஆஃப் சுற்றுக்குப் போகும். அங்கே இரண்டு அணிகள் மோதினால் ஒரே ஆட்டத்தில் முடியாது. ஏழு ஆட்டத் தொடர், முதலில் நான்கில் ஜெயிப்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். ஒரே எதிரியை இரண்டு வாரம் திரும்பத் திரும்பச் சந்திப்பதால் யார் எந்தப் பக்கம் திரும்புவார், யாருக்குக் கால் வலி, யாரும் மறிக்காமல் நின்று போடும் ஃப்ரீ த்ரோவுக்கு யாருக்குக் கை நடுங்கும் என்பதெல்லாம் ஒருவருக்கொருவர் அத்துப்படி. பிளேஆஃபின் சுவையே அதில்தான் இருக்கிறது. நமக்கு ஒரு சின்ன சங்கடம், அமெரிக்காவில் இரவு ஆட்டம் என்றால் இங்கே விடிகாலை. கடைசி நிமிடமும் பால்காரரும் ஒன்றாக வருவார்கள்.

மைக்கேல் ஜோர்டானை அறியாதவர் யாரும் இருக்க முடியாது. 1989 மே 7, கிளீவ்லாந்துக்கு எதிரான முதல் சுற்று. அப்போது முதல் சுற்று ஐந்து ஆட்டம்தான், இது ஐந்தாவது. கடைசி நொடியில் ஜோர்டான் எழும்பி, காற்றில் ஒரு கணம் தாமதித்துப் போட்ட பந்து உள்ளே விழ, சிகாகோ 101-100 என்று ஜெயித்தது. அவர் முஷ்டியைக் காற்றில் குத்திக் குதிக்கும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அதே காட்சியில் பின்னால் ஒருவர் சரிந்து விழுவார். அவர்தான் கிரெய்க் ஈலோ.

உலகத்துக்கு ஈலோ என்றால் ஜோர்டானிடம் ஏமாந்தவர். ஆனால் அதற்கு மூன்று விநாடி முன்பு கிளீவ்லாந்தை முன்னிலைக்குக் கொண்டுவந்தவரும் அதே ஈலோதான். பந்தை உள்ளே எறிந்தார், திரும்ப வாங்கினார், கூடையை நோக்கி ஓடிப் போட்டார். 100-99. அந்த ஆட்டத்தில் மட்டும் 24 புள்ளி எடுத்திருந்தார். ஜோர்டான் பந்தைத் தவறவிட்டிருந்தால் கிளீவ்லாந்தில் ஈலோவுக்குச் சிலை வைத்திருப்பார்கள். ஜோர்டானின் கையை மறிக்க அவர் சரியான நேரத்தில்தான் பாய்ந்தார். ஜோர்டான்தான் இறங்க மறுத்தார். அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

இந்த வரிசையின் தலைமகன் ஜெர்ரி வெஸ்ட். என்.பி.ஏ. சின்னத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் வெள்ளை உருவம் அவருடையதுதான் என்று சொல்லத் தேவையில்லை. ஒன்பது முறை இறுதித் தொடருக்குப் போய் எட்டு முறை தோற்றவர். 1969 இறுதித் தொடரில் பாஸ்டனிடம் அவருடைய லேக்கர்ஸ் அணி தோற்றது, ஏழாவது ஆட்டத்தில் வித்தியாசம் இரண்டே புள்ளி. வெஸ்ட் அன்று 42 புள்ளி. தவறிய பந்தைப் பிடிக்கும் ரீபவுண்ட் 13, சக ஆட்டக்காரர் கூடை போடப் பந்தைக் கொடுக்கும் அசிஸ்ட் 12. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது. தோற்ற அணியிலிருந்து அந்த விருதைப் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அடுத்த வருடம் நியூயார்க்குக்கு எதிராக மைதானத்தின் பாதிக் கோட்டுக்கும் அப்பாலிருந்து, 60 அடி தூரம், கடைசி நொடியில் எறிந்தார். விழுந்தது! ஆனால் தொலைவிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி தரும் மூன்று புள்ளிக் கோடு என்.பி.ஏ.வுக்கு வந்ததே 1979இல். அதனால் இரண்டு புள்ளிதான். ஆட்டம் சமநிலை. கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். இன்றைய விதி இருந்திருந்தால் அங்கேயே வெற்றி. விதி என்று சொல்வது இதைத்தானோ என்னவோ.

இனி, எனக்கு மிகப் பிடித்த ஆட்டத்துக்கு வருகிறேன். 2013 ஜூன் 18, மயாமி. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். மயாமி ஹீட்டுக்கு எதிராக சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸ் 3-2 என்று முன்னிலை. இந்த ஆட்டத்தை ஜெயித்தால் கோப்பை. 28 விநாடி மிச்சம் இருக்கும்போது ஸ்பர்ஸ் ஐந்து புள்ளி மேலே. கோப்பை வழங்கும் மேடைக்காக மைதானத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்ட ஊழியர்கள் வந்துவிட்டார்கள். மயாமி ரசிகர்களில் பலர் கிளம்பிவிட்டார்கள். பிறகு ஆரவாரம் கேட்டு ஓடிவந்தபோது கதவு திறக்கவில்லை. அவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கிறது, சிரிப்பும் வருகிறது.

மயாமியின் லெப்ரான் ஜேம்ஸ் ஒரு மூன்று புள்ளி எறிந்தார், தவறியது. பந்து எப்படியோ மயாமிக்கே திரும்பியது. மறுபடி எறிந்தார், விழுந்தது. இடைவெளி இரண்டு புள்ளி. உடனே ஸ்பர்ஸின் கவாய் லெனார்டைப் பிடித்து ஃபவுல் செய்தார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. கவாய்க்கு அப்போது 21 வயது. முதலாவதைத் தவறவிட்டார். இரண்டாவது விழுந்தது. 95-92. இரண்டும் விழுந்திருந்தால் நான்கு புள்ளி இடைவெளி, மயாமி ஒரே எறியில் எட்டியிருக்க முடியாது.

அடுத்து லெப்ரான் எறிந்ததும் தவறியது. இங்கே நிறுத்திப் பாருங்கள். கூடைக்கு அடியில் ஸ்பர்ஸின் டிம் டங்கன் இல்லை. ஏறக்குறைய ஏழடி உயரம், அந்த ஆட்டத்தில் 30 புள்ளி, 17 ரீபவுண்ட், அவரைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார் பயிற்சியாளர் கிரெக் போப்பவிச். மயாமிக்கு மூன்று புள்ளி தேவை, ஆகவே வெளியே ஓடி மறிக்கக்கூடிய வேகமான ஆட்கள் வேண்டும் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பு என்று எல்லோரும் இன்றுவரை பேசுகிறார்கள். நான் சொல்லமாட்டேன். அந்தக் கணக்குப்படிதான் லெப்ரானின் எறி தவறியது. கீழே விழுந்த பந்துக்குத்தான் ஆள் இல்லை.

அந்தப் பந்தைக் கூட்டத்துக்கு நடுவே எம்பிப் பிடித்தவர் மயாமியின் கிறிஸ் பாஷ். ரே ஆலன் அவருக்கு அருகில்தான் இருந்தார். பாஷ் கையில் பந்து வந்த கணத்தில் ஆலன் பின்னோக்கி நடக்கத் தொடங்கினார். கீழே குனிந்து பார்க்கவில்லை. மூலையில் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் எல்லைக்கோட்டுக்கும் நடுவே மூன்றே அடிதான் இடம். ஒரு காலடி குறைந்தால் இரண்டு புள்ளி, ஒரு காலடி கூடினால் பந்து எதிரணிக்கு. இரண்டு பாதமும் அந்த மூன்றடிக்குள் போய் நின்றன. பாஷ் பந்தைக் கொடுத்தார், ஆலன் எழும்பினார், தொலைக்காட்சி வர்ணனையாளர் மைக் பிரீன் தன் வழக்கமான "பேங்!" என்று கத்தினார். 95-95. மிச்சம் 5.2 விநாடி.

அதிர்ஷ்டம் என்பவர்களுக்கு ஒரு தகவல். ஆலன் இளம் வயதிலிருந்தே விநோதமான ஒரு பயிற்சி செய்வார். கூடைக்கு அருகில் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வார். துள்ளி எழுந்து, பின்னோக்கி ஓடி மூலைக்குப் போய், பந்தை வாங்கி, கோட்டைப் பார்க்காமல் எறிவார். ஆட்டத்தில் இப்படி எப்போது நடக்கும் என்று யாராவது கேட்டிருப்பார்கள். 37 வயதில் ஒரு இரவு நடந்தது.

கூடுதல் நேரத்தில் மயாமி 103-100. ஏழாவது ஆட்டமும் அவர்களுக்கே. அந்த ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், சமன் செய்யக் கூடைக்குப் பக்கத்திலேயே ஒரு வாய்ப்பு டங்கனுக்குக் கிடைத்தது. வாழ்நாளில் ஆயிரக்கணக்கான முறை போட்ட பந்து அது. தவறியது. ஓடித் திரும்பி வந்து இரண்டு கையாலும் தரையை ஓங்கி அடித்தார். முகத்தில் எதையும் காட்டாத மனிதர் என்று பேர் வாங்கியவர். அந்த அடியைப் பார்த்தபோதுதான் அவரை எனக்கு முதல்முறையாக ரொம்பப் பிடித்தது.

அடுத்த வருடம் அதே இரண்டு அணிகள் மறுபடி இறுதித் தொடரில். இந்த முறை ஜெயித்துவிடுவோம் என்று டங்கன் தொடருக்கு முன்பே சொல்லிவிட்டார். அப்படிப் பேசுகிறவரே அல்ல. ஸ்பர்ஸ் 4-1 என்று நொறுக்கியது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் யார் தெரியுமா? ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்ட அதே கவாய் லெனார்ட். ரே ஆலன் ஆடிய கடைசி ஆட்டமும் அந்தத் தொடரின் ஐந்தாவது ஆட்டம்தான்.

கவாயின் கதை அதோடு நிற்கவில்லை. ஐந்து வருடம் கழித்து அவர் டொராண்டோ ராப்டர்ஸில் இருந்தார். ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் வளர்ந்த நம் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு அது சொந்த ஊர் அணி. அரங்கத்துக்கு வெளியே ஜுராசிக் பார்க் என்று பேர் வைத்த சதுக்கத்தில் பெரிய திரை முன்னால் கூட்டம் அலைமோதும். 2019 மே 12, பிலடெல்பியாவுக்கு எதிராக ஏழாவது ஆட்டம். 10 விநாடி சொச்சம் இருக்கும்போது கவாய்க்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தது, ஒன்று தவறியது. ஆமாம், மறுபடியும்! அந்த இடைவெளியில் பிலடெல்பியாவின் ஜிம்மி பட்லர் மறுமுனைக்கு ஓடிப் போட்டு 90-90 ஆக்கினார்.

இந்த முறை மிச்சம் இருந்தது 4.2 விநாடி, பந்து கவாய் கையில். பக்கவாட்டில் ஓடினார். ஜோயல் எம்பீட், ஏழடி மனிதர், கூடவே ஓடி மூலைவரை விரட்டிவிட்டார். அதைவிட நன்றாக யாராலும் மறிக்க முடியாது. அவர் விரலுக்கு மேலே எறிய வேண்டியிருந்ததால் பந்து தேவைக்கு மேல் உயரமாகப் போனது. ஆட்டம் முடிந்த ஒலி எழுந்தபோது பந்து வானத்தில் இருந்தது. வளையத்தின் இந்தப் பக்கம் குதித்தது, மறுபடி அங்கேயே குதித்தது, அந்தப் பக்கம் போய் இரண்டு குதி. கவாய் மூலையில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது குதிக்குப் பிறகு உள்ளே இறங்கியது. ஏழாவது ஆட்டம் ஒன்று இப்படி ஒலியோடு விழும் எறியில் முடிந்தது என்.பி.ஏ. வரலாற்றில் அதுவே முதல் முறை. கவாய் அன்று எறிந்தவை 39, விழுந்தவை 16, எடுத்த புள்ளி 41. ராப்டர்ஸ் அந்த வருடம் கோப்பையையும் வென்றது.

எம்பீட் அழுதுகொண்டே வெளியேறினார். அந்த எறி இவ்வளவு உயரம் போனதற்கு அவர் கைதான் காரணம். உயரத்திலிருந்து மெத்தென்று இறங்கியதால்தான் பந்து வளையத்தின்மேல் அத்தனை தடவை குதித்து உள்ளே விழுந்தது என்று நான் வாதாடுவேன். நண்பர்கள் ஒத்துக்கொள்வதில்லை. ஒளிப்பதிவு இணையத்தில் கிடைக்கிறது, நீங்களும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.