டிஃப்ராக்: மும்பையில் கட்டப்பட்ட கணினி

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

வால்வு ரேடியோவைத் திருகிவிட்டு, அது சூடேறிப் பேசத் தொடங்கும் வரை காத்திருந்த மூத்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அந்த ரேடியோவுக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கண்ணாடிக் குழல்களாகிய வால்வுகள் ஐந்தாறு இருந்திருக்கும். அத்தகைய 2,700 வால்வுகளையும் 1,700 ஜெர்மானியம் டையோடுகளையும் 12,500 மின்தடைகளையும் 18 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்ட எஃகுச் சட்டத்தில் பொருத்தி, மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு சிறு குழுவினர் கட்டிய டிஃப்ராக் என்ற கணினியைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

இந்தியாவில் இயங்கிய முதல் எண்ணிலக்கக் கணினி அதுவன்று. அந்தப் பெருமை கொல்கத்தாவுக்கு உரியது. நாட்டின் மாதிரிக் கணக்கெடுப்புகளையும் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான கணக்குகளையும் தோளில் சுமந்திருந்த மகலனோபிஸ், தாம் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்துக்காகப் பிரிட்டனிலிருந்து ஹெச்இசி-2எம் என்ற பொறியை ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய்க்கு 1955இல் வரவழைத்தார். சுழலும் காந்த உருளையில் 1,024 சொற்களை, அதாவது கணினி ஓர் அலகாகக் கையாளும் எண்களை, மட்டுமே அது நினைவில் வைத்திருக்கும். ஆயினும் ஆட்கள் அமர்ந்து மாதக்கணக்கில் போட வேண்டிய கணக்குகளுக்கு அது வழி திறந்தது. அதற்கும் முன்னர், 1953இல், அதே கழகத்தில் சமரேந்திர குமார் மித்ரா நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கும் ஒப்புமைக் கணினி (எண்ணிலக்கங்களுக்குப் பதில் மின்னழுத்தம் போன்ற அளவுகளைக் கொண்டு கணக்கிடுவது) ஒன்றைக் கட்டியிருந்தார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

மும்பையில் இயற்பியலாளர் ஹோமி பாபா நிறுவிய டாடா நிறுவனத்தில் எடுக்கப்பட்ட முடிவு வேறானது: வாங்குவதைவிடக் கட்டுவது. அதற்குத் தலைமை ஏற்றவர் ஆர். நரசிம்மன். சென்னையில் பிறந்து, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் பயின்று, அமெரிக்கா சென்று கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1954இல் நாடு திரும்பி மும்பை நிறுவனத்தில் சேர்ந்தவர். அவரோடு பணியில் இறங்கிய இளைஞர்கள் அதற்கு முன் எந்தக் கணினியையும் இயக்கிப் பழகியவர்கள் அல்லர். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் கணிதவியலாளர் வான் நாய்மன் குழுவினர் தங்கள் கணினியின் வடிவமைப்பை அறிக்கைகளாக உலகுக்கு வழங்கியிருந்தார்கள். இவர்களும் அந்த வழியையே பின்பற்றினார்கள். முதலில் ஒரு முன்னோட்டப் பொறியைச் செய்து 1956இல் இயக்கிப் பார்த்தார்கள். அது தந்த துணிவோடு முழுப்பொறியைத் தொடங்கி, 1960 பிப்ரவரியில் அதைப் பணிக்கு விட்டார்கள். 1962இல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார்.

அதன் நினைவகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபெரைட் என்னும் காந்தப் பொருளாலான சிறு வளையங்களுக்குள் மெல்லிய கம்பிகளை ஊடும் பாவுமாகச் செலுத்தி, ஒரு திசையில் காந்தமேற்றினால் 1 என்றும் எதிர்த்திசையில் ஏற்றினால் 0 என்றும் கொள்வதே அந்த முறை. அத்தகைய ஒவ்வொரு 0 அல்லது 1உம் ஒரு பிட். ஒவ்வொன்றும் 40 பிட்டுகள் கொண்ட 2,048 சொற்களை டிஃப்ராக் நினைவில் வைத்திருந்தது; அதாவது 81,920 பிட்டுகள், இன்றைய கணக்கில் 10 கிலோபைட். உங்கள் கைப்பேசியில் உள்ள ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது. ஆனால் வளையங்களை நினைவகமாகக் கொண்ட கணினிகள் உலகிலேயே சிலவாக இருந்த காலத்தில் இவர்கள் அந்த முறையைத் துணிந்து தேர்ந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. விடைகளை வரைபடமாகக் காட்டும் ஒரு திரையையும் அவர்கள் அதனோடு இணைத்திருந்தார்கள்.

டிஃப்ராக் பிறந்தபோதே பழையதாகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான், வால்வுகளுக்கு மாற்றாக வந்த சிறிய டிரான்சிஸ்டர்களால் ஆன ஐபிஎம் 1401 கணினி அறிவிக்கப்பட்டது 1959இல். டிஃப்ராக் பணிக்கு வந்ததோ அதற்கு அடுத்த ஆண்டில். 1964இல் அமெரிக்க உதவியோடு சிடிசி 3600 என்ற பெருங்கணினி அதே நிறுவனத்துக்கு வந்தபின், டிஃப்ராக் 1965இல் நிறுத்தப்பட்டது. எனினும், பொறியின் வேகத்தை மட்டும் அளந்து அம்முயற்சியை எடைபோடுவது முறையன்று என்பதே என் உறுதியான கருத்து. சிடிசி போன்ற ஒரு பொறி வந்து இறங்கும்போது அதைப் புரிந்துகொள்ளும் மனிதர்கள் இங்கே ஏற்கெனவே இருந்தார்கள் அல்லவா? அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

கான்பூர் ஐஐடி இதே கேள்விக்கு வேறொரு விடை கண்டது. 1963இல் அங்கே ஐபிஎம் 1620 என்ற கணினி நிறுவப்பட்டபோது, அதைப் பூட்டிய அறைக்குள் வைக்காமல் மாணவர்களின் கையில் கொடுத்தார்கள். வெளியிலிருந்து வந்த அறிவியலாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும் ஃபோர்ட்ரான் என்னும் கணினி மொழியில் வகுப்புகள் நடத்தினார்கள். அப்பணியில் முன்நின்ற வி. ராஜாராமனும் தமிழரே, ஈரோட்டில் பிறந்தவர். கொல்கத்தாவிலோ, ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும் புள்ளியியல் கழகமும் சேர்ந்து டிரான்சிஸ்டர்க் கணினி ஒன்றைத் தாமே கட்டி 1966இல் இயக்கின.

நரசிம்மனின் வழி வன்பொருளோடு நிற்கவில்லை. 1961இல் இல்லினாய் பல்கலைக்கழகம் சென்று, துகள் இயற்பியலின் குமிழிக்கலப் படங்களை (அணுத்துகள்கள் ஒரு திரவத்தில் குமிழிகளாக விட்டுச்செல்லும் தடங்களின் படங்களை)க் கணினியே படித்தறியும் முறையை ஆராய்ந்தார். திரும்பி வந்தபின், 1965இல் தொடங்கிய இந்தியக் கணினிக் கழகத்தின் முதல் தலைவரானார். மென்பொருள் மேம்பாட்டுக்கென மும்பையில் 1975இல் ஒரு தேசிய மையம் உருவானபோது அதன் பொறுப்பும் அவரிடமே வந்தது. டிஃப்ராக் அப்போது நிறுத்தப்பட்டுப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன.